புள்ளைய கொஞ்சம் புடிங்க

"உனக்குன்னு கொஞ்சம் டைம் ஒதுக்கிக்கோம்மா"ன்னு யாராவது அக்கறையா சொன்னா எனக்கு திருப்பி கேக்க தோணுறது ஒண்ணே ஒண்ணு தான், அந்த டைம்ல புள்ளைய யாரு வச்சிக்குவா? யோகா வீடியோல எல்லாம் ஒரு பொண்ணு வெள்ளை ரூம்ல கண்ண மூடி உக்காந்திருக்கும், ஜன்னல்ல செடி ஆடும், பின்னாடி புல்லாங்குழல். நம்ம வீடு தண்டையார்பேட்டைல டி.எச். ரோட்டுலேர்ந்து உள்ள வர்ற ஒரு சந்துல, ஒரு ஹால் ஒரு ரூம் ஒரு கிச்சன், ராத்திரி ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரி சத்தத்துக்கு எவர்சில்வர் தட்டெல்லாம் ஸ்டாண்ட்லயே ஆடும், பக்கத்து போர்ஷன்ல டிவி, எதுத்த வீட்ல நாய், ஆடி மாசம் வந்துட்டா கூழ் ஊத்துறதுக்கு விடியக்காலைலயே மைக் செட். இதுக்கு நடுவுல மாமியார், வீட்டுக்காரர், யூகேஜி போற பெரியவன், இப்ப தான் ஓட கத்துக்கிட்ட சின்ன பொண்ணு, அது போக பாரிஸ் கார்னர்ல ஒரு ஹோல்சேல் கடைல எனக்கு பில்லிங் வேலை. அமைதியான இடம் தேடணும்னா காசிமேட்டுல படகு புடிச்சு கடலுக்கு தான் போவணும், அங்கயும் இன்ஜின் சத்தம்.

என் அனுபவத்துல அமைதிங்குறது எங்கயும் சும்மா கிடக்காது, யாராவது ஒருத்தர் கை நீட்டி புள்ளைய வாங்கினா தான் அது நம்ம கைக்கு வரும். அதனால எந்த ஆசனம், எந்த ஸ்லோகம்ங்குறதுக்கெல்லாம் முன்னாடி வீட்ல இந்த பேச்ச பேசி முடிச்சிடணும். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேட்டா வேலைக்கு ஆவாது, எல்லாரும் சரி சரின்னு தான் சொல்லுவாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் நாம போய் நிக்கணும், அவங்க போன்லேர்ந்து தலைய தூக்கி பாக்கணும், அதுக்குள்ள பாப்பா அழும், நாமளே தூக்கிடுவோம். நான் டைம் சொல்லி கேட்டேன். "அத்த, காலைல அஞ்சரைக்கு பாப்பாவ நீங்க வாங்கிக்கோங்க, அஞ்சே முக்காலுக்கு நானே வந்து வாங்கிக்கறேன்." அத்தைக்கு முகம் மாறிடுச்சு. "இன்னாமா, நான் இன்னா வாங்காமலா கீறேன்? எப்ப குடுத்தாலும் வச்சிக்குறேன்ல?" நிஜம் தான், அவங்கள குறை சொல்லவே முடியாது, மூணு புள்ளைங்கள வளத்தவங்க. "வாங்குறீங்க அத்த, ஆனா ஒவ்வொரு வாட்டியும் நான் கேக்க வேண்டி இருக்கு, காலைல மட்டும் கேக்காமயே நடக்கணும்"னேன். கொஞ்ச நேரம் வெத்தலைய மென்னுக்கிட்டே இருந்துட்டு "பால் குடிச்சிட்டு இருந்தா தான் என்கிட்ட இருக்கும், பசியோட குடுத்துட்டு போவாத"ன்னு சொன்னாங்க. அவ்ளோ தான், அது தான் அக்ரிமென்ட். சாயங்காலம் அவர் கணக்கு, ஷிப்ட் முடிஞ்சு வந்து குளிச்சதும் ரெண்டு பசங்களையும் மொட்டை மாடிக்கு கூட்டிட்டு போயிடணும், கதவ வெளில சாத்திட்டு போவணும், இது முக்கியம், கதவு தொறந்திருந்தா பெரியவன் "அம்மா என்ன பண்ற"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து எட்டிப்பாப்பான்.

ஏன் அஞ்சரைன்னா, பக்கத்து தெரு பள்ளிவாசல்ல பாங்கு சொல்லும்போது எனக்கு முழிப்பு வந்துடும், பாப்பாவுக்கும் அது ஒரு பால் டைம். அலாரம் வச்சா பெரியவன் எழுந்துக்குவான், பாங்கு சத்தம் அவனுக்கு பொறந்ததுலேர்ந்தே பழக்கம், அசைய கூட மாட்டான். பால் குடுத்து, ஏப்பம் விட வச்சு, அத்த கைல குடுத்துட்டு நான் ரூம் உள்ள. தண்ணி லாரி வர்ற அன்னிக்கு இதெல்லாம் கிடையாது, குடத்த தூக்கிட்டு ஓட வேண்டியது தான், அந்த நாள கணக்குலயே சேக்காதீங்க, வருத்தமும் படாதீங்க.

இப்ப யோகாவுக்கு வரேன். எனக்கு ரெண்டுமே சிசேரியன். ரெண்டாவதுக்கு அப்புறம் ஆறு வாரம் கழிச்சு செக்கப் போனப்போ டாக்டர் தையல பாத்துட்டு நடக்கலாம், மூச்சு பயிற்சி பண்ணலாம், வயித்துக்கு அழுத்தம் குடுக்கறது எதுவும் இப்போ வேணாம்னு தெளிவா சொன்னாங்க. அதுக்கப்புறம் தான் நான் ஒரு க்ளாஸ்ல சேந்தேன், எந்த க்ளாஸ்னு சொல்லல, அங்க மாஸ்டர் எல்லாரையும் ஒரே மாதிரி நாவாசனம் போட சொன்னார், அதான் காலையும் தலையையும் ஒண்ணா தூக்கி படகு மாதிரி நிக்கறது, அப்புறம் கபாலபாதி, வயித்த படக் படக்னு உள்ள இழுத்து மூச்ச வேகமா வெளிய தள்ளுறது. நான் சிசேரியன்னு சொன்னதுக்கு "அதெல்லாம் மனசுல தாம்மா இருக்கு"ன்னார். மனசுல இல்ல சார், வயித்துல இருக்கு, கிழிச்சு தச்சிருக்கு. மறுநாள்லேர்ந்து போவல.

ஏன் இத பெருசா சொல்றேன்னா கர்ப்பத்துல வயிறு விரியும்போது நடுவுல இருக்கற ரெண்டு சதையும் விலகி வழி விடும், பிரசவத்துக்கு அப்புறம் அது மெதுவா தான் கிட்ட வரும், சிலருக்கு முழுசா வராது. மல்லாக்க படுத்து முட்டிய மடிச்சு தலைய மட்டும் லேசா தூக்கி, தொப்புள் மேல விரல குறுக்க வச்சு அமுக்கி பாத்தா நடுவுல பள்ளம் மாதிரி தெரியும், ரெண்டு விரல் அகலத்துக்கு மேல இருந்தா டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ காட்டுங்க, அது வரைக்கும் தொப்பை குறையணும்னு சிட்-அப் எடுக்கவே எடுக்காதீங்க. இருமினா தும்மினா ஒண்ணுக்கு கசியறதும் அப்படி தான், புள்ள பெத்தா இப்படி தான் இருக்கும்னு பெரியவங்க சொல்லிடுவாங்க, ஒண்ணுக்கு அடக்கற மாதிரி அடி சதைய உள்ள இழுத்து புடிச்சு விடுற பயிற்சிய சரியா கத்துக்கிட்டா நிறைய பேருக்கு அது குறையும். நேர்ல யாராவது விவரம் தெரிஞ்சவங்க பாத்து சொல்லணும்னா அரும்பாக்கத்துல அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கு, ஓபி பாக்குறாங்க, நம்ம பக்கத்துலேர்ந்து மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறினா அரும்பாக்கம் ஸ்டேஷன்.

நான் வீட்ல பண்றது ரொம்ப சின்னது. முட்டி போட்டு கைய ஊனி பூனை மாதிரி முதுக மேல தூக்கி கீழ இறக்கறது, பாலாசனத்துல, அதான் முட்டி மடக்கி குதிகால் மேல உக்காந்து குனிஞ்சு, நெத்திய தரைல வச்சிட்டு கொஞ்ச நேரம், அப்புறம் மல்லாக்க படுத்து காலை செவுத்து மேல நீட்டிக்கறது. தோள்பட்டை சுத்தறது கட்டாயம், குனிஞ்சு குனிஞ்சு பால் குடுத்து கழுத்து அப்படியே கூன் விழுந்துடும். கட்டை விரல் பக்கத்துல மணிக்கட்டு சுருக்குனு வலிக்குதுன்னா அது புள்ளைய அக்குள்ல கை குடுத்து தூக்கி தூக்கி வர்றது, அதுக்கு கைய ஊனற ஆசனமே வேணாம், பூனைய கூட முஷ்டி மடக்கி பண்ணுங்க, இல்ல முழங்கைய ஊனி பண்ணுங்க. பால் குடுத்து முடிச்ச உடனே பண்ணா மார் கனமில்லாம இருக்கும், குப்புற படுக்கறதும் ஈஸி.

ஆனா உடம்ப வளைக்கறத விட எனக்கு உதவினது மூச்சு தான். திருமூலர் திருமந்திரத்துல ஒரு கணக்கு இருக்கு, உள்ள இழுக்கறது 16 மாத்திரை, அடக்கறது 64, வெளிய விடுறது 32, மாத்திரைன்னா கண்ண ஒரு தடவ இமைக்கிற நேரம். அந்த 64 எல்லாம் குரு பக்கத்துல இருந்து சொல்லித்தரவேண்டிய சமாச்சாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைய மடில போட்டுக்கிட்டு செய்யறதில்ல. நான் எடுத்துக்கிட்டது 16க்கு 32ங்குறத மட்டும், அதாவது வெளிய விடுறது இழுக்கறத விட ரெண்டு மடங்கு. மூணு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. மூச்ச வெளிய விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் நிதானமாவும், அதனால நீளமா விட விட உடம்பே அடங்கும். அழுகிற புள்ளைய தூக்கி வச்சிக்கிட்டு நாம படபடன்னு இருந்தா அது இன்னும் கத்தும், நம்ம நெஞ்சு அடங்கினா அதுவும் அடங்கும், எப்பவும் இல்ல, பல நேரம். பிரமரின்னு வண்டு மாதிரி ம்ம்ம்னு ரீங்காரம் போடுறது ஒண்ணு இருக்கு, பாப்பாவ நெஞ்சோட சாச்சிக்கிட்டு அத பண்ணா அது முழிச்சு முழிச்சு என் வாயவே பாக்கும், அப்புறம் கண்ணு சொருகும். தாலாட்டும் அதே ம்ம்ம் தானே, எங்க ஆயா ரெண்டு பாட்டு தான் தெரிஞ்சு வச்சிருந்தாங்க, மீதி எல்லாம் வெறும் ம்ம்ம் தான்.

வேலைக்கு திரும்ப போனதும் தான் நேரம் சுத்தமா இல்லாம போச்சு. அங்க எனக்கு கிடைச்சது மெட்ரோ. 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் லைன நீட்டினாங்க, தண்டையார்பேட்டை ஸ்டேஷன் அண்டர்கிரவுண்ட், அங்க ஏறினா தியாகராயா காலேஜ், வண்ணாரப்பேட்டை, மண்ணடி, அடுத்தது ஹைகோர்ட். பஸ்ல டி.எச். ரோடு பூரா நின்னு நசுங்கி போனவளுக்கு அந்த சில நிமிஷ ஏசி சொர்க்கம். அந்த நேரத்துல போன எடுக்கறதில்லன்னு ஒரு முடிவு. ஒரு ஸ்டேஷன்ல கதவு மூடுறதுலேர்ந்து அடுத்த ஸ்டேஷன்ல தொறக்கற வரைக்கும் மூச்ச எண்ணுவேன், அவ்ளோ தான், யாருக்கும் தெரியாது, தூங்குறேன்னு நினைச்சுக்குவாங்க. இன்னொண்ணு, மகப்பேறு சட்டத்துல 26 வாரம் லீவுங்குறது எல்லாருக்கும் தெரியும், புள்ளைக்கு 15 மாசம் ஆவுற வரைக்கும் வேலை நேரத்துல பால் குடுக்க தினமும் ரெண்டு இடைவேளை உண்டுங்குறது நிறைய பேருக்கு தெரியல. சின்ன கடைங்கள்ல சட்டம் பேசினா மூஞ்சிய தூக்குவாங்க தான், நான் முதலாளிகிட்ட சட்டம்னு ஆரம்பிக்கல, "ரெண்டு தடவ கால் மணி நேரம் ஸ்டோர் ரூம் சாவி குடுங்க"ன்னு தான் கேட்டேன். பம்ப் பண்ணுவேன், மிச்ச நேரம் சாக்கு மூட்டைல சாஞ்சு கண்ண மூடிக்குவேன். மிளகா நெடி வரும், பரவால்ல.

சாமி விஷயம். எங்களுக்கு எல்லாமே திருவொற்றியூர் வடிவுடையம்மன் தான். பௌர்ணமி வெள்ளிக்கிழமைல வந்தா காலைல மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு வடிவுடையம்மன், சாயந்தரம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன்னு மூணு பேரையும் ஒரே நாள்ல பாக்கணும்னு எங்க பக்கம் ரொம்ப விசேஷம், இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தின்னு சொல்லுவாங்க. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு அந்த கூட்டத்துல மூணு கோயில் ஏறி இறங்குறதுக்கு முதல்ல நமக்கு உடம்புல சக்தி வேணும். நான் ஒரே கோயில், அதுவும் செவ்வாய் வெள்ளி இல்லாத நாள்ல சாயந்தரம் நடை தொறந்த கையோட. தேரடி ஸ்டேஷன்ல இறங்கினா கிட்ட. பிரகாரம் நல்ல அகலம், புள்ள ஓடினாலும் வண்டி வாகனம் கிடையாது, நான் ஒரு தூண்ல சாஞ்சிட்டு பாத்துக்கிட்டு இருப்பேன். சன்னதில நின்னு அத குடு இத குடுன்னு கேக்கறத விட்டுட்டேன், தூண்ல சாஞ்சா போதும்னு இருக்கு, அதுவும் கும்புடுறது தான்னு நான் நினைக்கிறேன், அத்த ஒத்துக்க மாட்டாங்க.

அங்க இருக்கற சிவன், ஆதிபுரீஸ்வரர், புத்து ரூபம், வருஷம் பூரா கவசத்துக்குள்ள தான் இருப்பார், கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி மூணே நாள் தான் கவசத்த எடுத்து புனுகு தைலம் சாத்துவாங்க, அத பாக்க கியூ தெருவுல நிக்கும். சாமியே வருஷத்துல மூணு நாள் தவிர மத்த நாள்லாம் மூடிக்கிட்டு நிம்மதியா இருக்கார், நான் கால் மணி நேரம் கதவ சாத்துனா மட்டும் ஊரே கேக்குதுன்னு ஒரு தடவ வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், சிரிச்சிட்டார், அதுலேர்ந்து கதவ அவரே சாத்துறார்.

வள்ளலார் கதை ஒண்ணு அத்த அடிக்கடி சொல்லுவாங்க. அவர் ஏழுகிணறுல அண்ணன் வீட்ல இருந்தப்போ திருவொற்றியூர்ல கும்புட்டுட்டு நடுராத்திரி தான் வீடு திரும்புவாராம், ஒரு நாள் எல்லாரும் தூங்கிட்டாங்க, எழுப்ப மனசில்லாம பசியோட திண்ணைல படுத்துட்டார், வடிவுடையம்மனே அண்ணி ரூபத்துல வந்து எழுப்பி சோறு போட்டுட்டு போனாங்களாம், நிஜ அண்ணி அப்புறம் முழிச்சு வந்து சாப்பிட கூப்புட்டா, இப்ப தானே போட்டீங்கன்னாராம். அத்தைக்கு இந்த இடத்துல குரல் கம்மிடும். எனக்கு எப்பவும் அந்த அண்ணி மேல தான் கண்ணு. வீடு பூரா வேலை செஞ்சு களைச்சு போய் தூங்குறா, அந்த ஒரு ராத்திரி அவ எழுந்திரிக்க வேண்டாம்னு அம்மனே வந்து அவ வேலைய செஞ்சிட்டு போறா. இத சொன்னப்போ அத்த கொஞ்சம் யோசிச்சிட்டு "அப்டி கூட வச்சிக்கலாம்"னாங்க.

நம்ம சாமி தான்னு இல்ல, மாடி வீட்டு அக்கா ராயபுரம் சர்ச்சுக்கு போறவங்க, சாயந்தரம் பேரப்புள்ளைய தோள்ல போட்டு தட்டிக்கிட்டே இன்னொரு கைல ஜெபமாலை உருட்டுவாங்க, பத்து சின்ன மணி உருட்டினா ஒரு பெரிய மணின்னு விரலே கணக்கு பாத்துக்கும், கடிகாரம் பாக்க வேண்டியதில்ல. அத பாத்து தான் நானும் துளசி மணி ஒண்ணு வாங்கினேன், ஓம் சக்தி சொல்றதுக்கு. போன்ல டைமர் வச்சா மெசேஜ் கண்ணுல படும், படிப்போம், போச்சு.

இதெல்லாம் சொல்லிட்டு ஒண்ண சொல்லாம விட்டா பாவம். பிரசவம் ஆன முத ரெண்டு வாரம் காரணமில்லாம அழுகை வர்றது சகஜம், அதுவா சரியாவும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, புள்ள மேல ஒட்டுதல் இல்ல, புள்ள தூங்கினாலும் நமக்கு தூக்கமில்ல, நாம இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு எண்ணம் வருதுன்னா அது மூச்சு பயிற்சிக்கும் தூண்ல சாயறதுக்கும் அடங்கற விஷயம் இல்ல, அது வியாதி, அதுக்கு மருந்து இருக்கு. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு இப்படி இருந்தப்போ கண்ணு பட்டுடுச்சு, வேப்பிலை அடிக்கணும்னு ரெண்டு மாசம் ஓட்டிட்டாங்க. வேப்பிலை அடிங்க, விபூதி போடுங்க, கூடவே ஓபி சீட்டும் வாங்குங்க, ஒண்ணுக்கு ஒண்ணு சண்டை கிடையாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு. வெளில போவ முடியாதவங்க 14416க்கு போன் பண்ணலாம், டெலி மனஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. உசுர மாய்ச்சுக்கணும்னோ புள்ளைய ஏதாவது பண்ணிடுவோமோன்னோ தோணிச்சுன்னா அன்னிக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி, தனியா விட்டுடாதீங்க.

மாமியாரும் இல்ல, வீட்டுக்காரர் ஷிப்ட்டோ கப்பலோ, நான் யார்கிட்ட குடுக்கறதுன்னு கேப்பீங்க. எங்க சந்துலயே அப்படி ஒருத்தி இருக்கா. அவளும் நானும் ஞாயித்துக்கிழமை மாத்திக்கிறோம், காலைல அவ புள்ளைங்க ரெண்டும் எங்க வீட்ல, மத்தியானம் என் ரெண்டும் அவ வீட்ல. நாலு புள்ளைங்க ஒண்ணா இருந்தா ரெண்ட பாக்கறத விட ஈஸி, அதுங்களே அடிச்சிக்கிட்டு அதுங்களே சமாதானம் ஆயிடும். புள்ளைக்கு 2 வயசு ஆயிட்டா அங்கன்வாடி இருக்கு, கவுரவம் பாக்காம விடுங்க, அந்த நேரத்துல வீட்டு வேலைய இழுத்து போட்டுக்காம முதல் கால் மணி நேரம் உங்களுக்கு, அப்புறம் பாத்திரம். பாத்திரத்த முதல்ல தொட்டா அன்னிக்கு அவ்ளோ தான்.

மேட் வாங்கணுமான்னா வேணாம், ஜமுக்காளம் போதும், மொசைக் தரைல மட்டும் அது வழுக்கும், அதனால முட்டி போட்டு படுத்து பண்றதுக்கு ஜமுக்காளம், நின்னு பண்றது வெறுங்கால் வெறுந்தரை. கொசுவத்தி மூச்சு பயிற்சி பண்ற ரூம்ல கொளுத்தாதீங்க, வலை போட்டுக்கோங்க.

இப்ப புதுசா ஒண்ணு நடக்குது. போன மாசம் அத்த வந்து "எனக்கும் வெள்ளிக்கிழம சாயந்தரம் ரெண்டு மணி நேரம் வோணும்"னாங்க. எதுக்குன்னு கேட்டா, கோயிலுக்கு தனியா போவணுமாம், பேரப்புள்ளைங்க இல்லாம, கூட்டமா இருந்தாலும் பரவால்லயாம், போயிட்டு தேரடில ஒரு காபி குடிச்சிட்டு நிதானமா வரணுமாம். "இன்னாமா பாக்குற, உனக்கு மட்டும் தானா?" வெள்ளிக்கிழமை நான் வேலைலேர்ந்து வர லேட்டாவும், அதனால அன்னிக்கு ராத்திரி சமையல் அவரோடது. அவருக்கு ரசம் மட்டும் தான் வைக்க தெரியும், அதுல பெருங்காயம் ஜாஸ்தி, பெரியவன் மூக்க புடிச்சிக்கிட்டு சாப்புடுறான்.